ஒரே காலையில் ஐந்து இடத்தில் ஒரு பூனை

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது எனக்கு வயது முப்பத்து மூன்று. மாலை போடவில்லை, சுவர்க்கடிகாரமும் தரவில்லை. திட்டத்தின் காலம் முடிந்தது, ஒப்பந்தமும் முடிந்தது. ஃபிரீஸர் சாவியை ஒப்படைத்துவிட்டு பதுளையில் பஸ் ஏறி பண்டாரவளையில் இறங்கினேன். இப்போது ஒரு பரிசோதனை நிலையத்தில் மனிதர்களின் இரத்தத்தைப் பார்க்கிறேன். மனிதர்கள் தாங்களாகவே வந்து நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டுகிறார்கள். முதல் ஒரு மாதம் எனக்கு அது நம்ப முடியாத சொகுசாக இருந்தது.

பழைய ஆய்வுகூடத்தில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பிள்ளைகள் போன மாதம் என்னைப் பார்க்க வந்தார்கள். "அக்கா, உங்க காலத்துல எப்படிச் செஞ்சீங்கன்னு எழுதித் தாங்களேன்" என்றார்கள். உங்க காலம் என்பது ஐந்து வருடத்துக்கு முன்பு. அவர்கள் இப்போது ஓடைத் தண்ணீரை வடிகட்டுகிறார்கள். வடிதாளில் ஒட்டியிருக்கும் மரபணுவை வைத்து மேலே காட்டில் எந்த மிருகம் நடமாடுகிறது என்று சொல்லிவிடுகிறார்கள். கால் நனையும், கை நாறாது. நாங்கள் எச்சம் பொறுக்கினோம். எழுத்தில் எச்சம் என்கிறேன். தோட்டத்தில் அதற்கு ஒரே எழுத்துதான்.

படித்த கதையில் சொல்ல அதிகமில்லை. நான்கு வருடம் பல்கலைக்கழகம், ஒரு வருடம் கொழும்பில் பயிற்சி, அதில் பாதி நாள் கண்ணாடிக் குழாய் கழுவியது. பிறகு ரியாஸ் சேரிடம் வந்து சேர்ந்தேன்.

எங்கள் வேலை இதுதான். ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம், தோட்டத்துக்கு மேலே காடு. அந்தக் காட்டில் மூக்கில் கொம்பு முளைத்த சிறிய ஓணான் ஒன்று வாழ்கிறது. இந்த மலைநாட்டைத் தவிர உலகத்தில் வேறு எங்கும் அதற்கு வீடில்லை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் வீட்டுப்பூனைகள் காட்டுக்குள் ஏறிக் குடியிருக்க ஆரம்பித்தால் அந்த ஓணானுக்குக் கேடு. பூனை எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பூனையை நேரில் பார்ப்பது கடினம். அது விட்டுப்போனதைப் பார்ப்பது அவ்வளவு கடினமில்லை. அதன் மேற்பரப்பில் குடலிலிருந்து உரிந்த செல்கள் ஒட்டியிருக்கும். அதிலிருந்து மரபணுவை எடுத்தால் போட்டது வீட்டுப்பூனையா, காட்டுப்பூனையா, மரநாயா என்று தெரியும். மரபணுவில் எட்டு இடங்களை ஒப்பிட்டால் ஆணா பெண்ணா, எந்தப் பூனை என்றுகூடத் தெரியும்.

லயத்தின் கடைசி வீட்டிலிருந்து காட்டின் உச்சிவரை பதினாறு இடங்களில் சிவப்பு நாடா கட்டினோம். உச்சிவரை பூனை இருந்தால் காட்டிலும் லயத்திலும் கூண்டு வைத்து எல்லாப் பூனைகளையும் பிடித்து அகற்றுவது என்று தோட்டத்தை நிர்வகிக்கும் தோட்டத்துரை முடிவு செய்திருந்தார். எங்கள் அறிக்கைக்காகத்தான் காத்திருந்தார்.

ரியாஸ் சேர் பதுளை டவுனில் துணிக்கடைக்காரரின் மகன். ஆய்வுகூடமும் டவுனில்தான், ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடியில். கீழே ஆணி நிறுப்பார்கள், மேலே நாங்கள் அதைவிடக் கொஞ்சம் சிறியதை நிறுப்போம். சேர் குரலை உயர்த்தியதில்லை. பிழை என்ற சொல்லும் அவர் வாயில் வராது. "அப்படியா" என்பார். அதில் மூன்று வகை. முதல் வகைக்கு, மேலே சொல் என்று பொருள். இரண்டாவதுக்கு, நான் நம்பவில்லை. மூன்றாவது மகிழ்ச்சி, அதைச் சொல்லும்போது பென்சிலைக் காதில் செருகிக்கொள்வார். பென்சில்தான், பேனா கிடையாது. குழாயில் மதுசாரம் சிந்தினால் பேனா மை கரைந்துவிடும், பென்சில் கரையாது. மூடியில் ஒரு தடவை, பக்கத்தில் ஒரு தடவை என்று எண்ணை இரண்டு முறை எழுத வேண்டும்.

அவர் கடைப்பிடித்த இன்னொரு முறை உண்டு. ஒவ்வொரு நாளும் ஒரு வெறும் குழாய். எச்சம் போட்ட குழாய்களோடு எதுவும் போடாத ஒரு குழாயையும் சேர்த்து, அதற்கும் அதே திரவம், அதே சூடு, அதே சுழற்சி என்று எல்லாவற்றையும் செய்ய வேண்டும். கடைசியில் அதில் எதுவும் தெரியக்கூடாது. தெரிந்தால் எங்கள் கையிலிருந்தோ காற்றிலிருந்தோ ஏதோ கலந்துவிட்டது என்று பொருள். அன்றைய வேலை முழுவதும் குப்பைக்கு. நான் அந்த வெறும் குழாயை ஒரு நாள்கூட மறந்ததில்லை. அவ்வளவு மரியாதையாக வைத்திருந்தேன்.

காட்டில் எச்சம் சேகரித்தவர் செல்வராஜ் அண்ணன். அந்தத் தோட்டத்திலேயே இருபது வருடம் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டியவர். எங்களிடம் வருவதற்காகத் தோட்டப் பதிவில் பேரை வெட்டிக்கொண்டு வந்தார். சேர் முன்னால் என்னை "மிஸ்" என்பார், மற்ற நேரம் "தங்கச்சி". அவருக்கு நான் ஏழு விதிகள் எழுதிக் கொடுத்தேன். கையுறை இல்லாமல் தொடக்கூடாது. ஒவ்வொன்றுக்கும் புதுப் பல்குச்சி. மழையில் ஊறியதை விட்டுவிட வேண்டும். பெருவிரல் நகம் அளவுக்கு எடுத்தால் போதும். பையில் ஈரம் உறிஞ்சும் நீல மணிகள் இருக்கும். அவை இளஞ்சிவப்பாக மாறினால் மாற்ற வேண்டும். எண், தேதி பென்சிலில். ஏழாவது விதி, ஒவ்வொரு இடத்துக்கும் குறைந்தது இரண்டு மாதிரி. வெறும் பையோடு வரக்கூடாது. கடைசி விதியைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார்.

முதல் மூன்று மாதம் பைகள் அழகாக வந்தன. மணி நீலம், எழுத்து குண்டு குண்டாக, பதினாறு இடத்துக்கும் இரண்டிரண்டு. பார்த்தால் எல்லாமே வீட்டுப்பூனை. உச்சிவரை பூனை. கெட்ட செய்திதான், ஆனால் தெளிவான கெட்ட செய்தி. சேர் பென்சிலைக் காதில் செருகினார். நான் அறிக்கை எழுத ஆரம்பித்தேன்.

பிறகு மரபணுவின் எட்டு இடங்களை ஒப்பிட்டுப் பூனைகளைத் தனித்தனியாகப் பிரித்தேன். காடு முழுவதற்கும் மூன்றே பூனைகள். அதில் அட்டவணையில் 'ஆண் 2' என்று நான் பேர் வைத்த பூனை, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பதினொன்றாம் இடத்திலிருந்து பதினைந்தாம் இடம்வரை ஐந்து இடத்திலும் போயிருந்தது. மனிதனுக்கே அந்த ஏற்றம் இரண்டு மணித்தியாலம். பூனை அவ்வளவு தூரத்துக்கும் மிச்சம் வைத்து மிச்சம் வைத்து ஏறியிருக்கிறது.

பூனை என்ன தின்றது என்றும் சில குழாய்களில் பார்த்தோம். ஓணான் வரும் என்று பயந்துகொண்டிருந்தேன். வந்தது மீன். அதிலும் டின்னில் அடைத்து விற்கும் கடல்மீன்.

சேர் என் மேசைக்கு வந்து நின்றார்.

"மகள், அந்தக் குழாயைத் திறந்த புதன்கிழமை பகல் என்ன சாப்பிட்டீங்க?"

"சோறு, பருப்பு, டின்மீன், சேர்."

"எங்க வச்சு?"

"கீழே, கடைப் படிக்கட்டில."

"கை கழுவினீங்களா?"

"ரெண்டு தடவை."

"சவர்க்காரம் போட்டா?"

"சேர், கழுவாம மண்ணைத் தள்ளி மூடிட்டு வர நான் என்ன பூனையா?"

அவர் சிரிக்கவில்லை. "அப்படியா" என்றார். இரண்டாம் வகை.

எனக்குப் பதற்றம் வந்தால் பட்டியல் போடுவேன். போட்டேன். ஒன்று, என் பகல் சாப்பாடு. இரண்டு, சேருடைய பகல் சாப்பாடு; இதை அவரிடம் காட்டவில்லை. மூன்று, காட்டுக்குள் யாரோ டின் உடைக்கிறார்கள். நான்கு, இந்த எச்சம் காட்டிலிருந்தே வரவில்லை. நான்காவதை எழுதிவிட்டு அழித்தேன். வெறும் குழாயின் முடிவைப் பார்த்தேன். துடைத்துவிட்ட மாதிரி சுத்தம். முதல் இரண்டையும் வெட்டினேன். நான்காவதை மறுபடி எழுதினேன்.

மறுநாள் பௌர்ணமி, போயா விடுமுறை. யாருக்கும் சொல்லாமல் ஹல்துமுல்லைக்குப் பஸ் ஏறினேன்.

செல்வராஜ் அண்ணன் வீட்டில் இல்லை. அவர் மனைவி பாக்கியம் அக்கா பிளேன்டீ தந்தார். "மேல போயிருக்காரு தங்கச்சி. போயாவுக்குக்கூட வீட்ல தங்கமாட்டாரு. ஒங்க பூனைங்க லீவு எடுக்குறதில்லையாமே."

வாசலில் அடுக்கியிருந்த விறகின் மேல் செம்பழுப்பு நிறத்தில் ஒரு கடுவன் பூனை படுத்திருந்தது. நல்ல கொழுப்பு.

"இது பேரு என்னக்கா?"

"தொரை."

"ஏன் அப்படி?"

"வெள்ளன எந்திரிக்காது. சாப்பாட்டுக்கு நேரம் தவறாது. யாராச்சும் வேலை செஞ்சா மேட்டுல நின்னு பாத்துக்கிட்டே இருக்கும்."

"மீன் தின்னுமா?"

"டின்மீன் டின்ன வழிச்சு வைக்கலேன்னா வாசல விட்டு நகராது."

நான் பையிலிருந்து கையுறையும் பல்குச்சியும் எடுத்துக்கொண்டு லயத்தின் பின்பக்கம் சாம்பல் கொட்டும் மேட்டுக்குப் போனேன். பாக்கியம் அக்கா பின்னாலிருந்து கேட்டார். "என்ன தங்கச்சி, காட்டுப் பீ தீந்து போச்சா, வீட்டுப் பீக்கு வந்துட்டீங்க?"

மேட்டின் மறுபக்கத்தில் செல்வராஜ் அண்ணன் குந்தியிருந்தார். கையுறை போட்டிருந்தார். புதுப் பல்குச்சியால் நகம் அளவுக்கு எடுத்து, பையில் இட்டு, மணியின் நிறத்தைப் பார்த்து, வாயை மூடி, பென்சிலால் எழுதினார். நான் கற்றுக்கொடுத்த விதிகளில் ஒன்றையும் மீறவில்லை. நிமிர்ந்தவர் என்னைப் பார்த்தார். சாம்பல் மேட்டின் இரண்டு பக்கத்திலும் கையுறையோடு நாங்கள் இருவர்.

"வாங்க மிஸ்" என்றார். சேர் அங்கே இல்லாமலே நான் மிஸ் ஆகியிருந்தேன்.

"என்னண்ணே இது?"

பையைத் திருப்பிப் பார்த்தார். "பதினொண்ணாம் நம்பருங்க."

"பதினொண்ணாம் நம்பருக்கு இன்னைக்குப் போனீங்களா?"

"போகாம? இப்பத்தான் எறங்கி வாறேன். காலப் பாருங்க."

பார்த்தேன். முழங்கால்வரை அட்டை கடித்து இரத்தம் கோடு கோடாக இறங்கியிருந்தது. தேயிலைக்குள் அட்டை அப்படிக் கடிக்காது. ஆள் மேலே போய்த்தான் வந்திருக்கிறார்.

"அங்க என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுமில்ல. மரநாய் போட்டது ஒண்ணு, பழசு."

"பன்னெண்டுல?"

"அதுவும் வெறும் எடம். நாலாம் நம்பருக்கு மேல பூனையே ஏறலிங்க. ஏறியிருந்தா எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு எடத்துலயும் ஒக்காந்து வெலக்கி வெலக்கிப் பாக்குறனே."

"அப்ப ஏண்ணே இப்படி?"

"வெறும் பையோட எப்பிடித் தங்கச்சி வாறது?" என்றார். மிஸ் போய்விட்டது. "கவ்வாத்துல செடி கணக்கு கொறைஞ்சா அரைப் பேரு. பாக்கியத்துக்குக் கொழுந்து கொறைஞ்சா அரைப் பேரு. அங்க போய், மலையில கொழுந்தே இல்லைங்கன்னு சொன்னா கணக்கப்பிள்ளை கேப்பாரா? கொறையுற அன்னைக்குப் பக்கத்து நெரையில ஒரு கை பறிச்சுப் போட்டாச்சும் கொண்டாந்துறணும். நீங்களும் அதத்தானே சொன்னீங்க? எழுதியும் குடுத்தீங்களே."

சட்டைப் பையிலிருந்து என் பட்டியலை எடுத்தார். ஷாப்பிங் பேக்கில் சுற்றி, மழை படாமல், மூன்று மாதமாக வைத்திருந்தார். ஏழாவது விதியை விரலால் காட்டினார்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று ஓர் அளவு உண்டு. அதற்குக் குறைந்தால் அன்று நாள் முழுக்க நின்றாலும் பதிவில் பாதி ஆள்தான். எனக்கு யாரும் இதைச் சொல்லத் தேவையில்லை. என் அம்மா கொஸ்லந்தையில் கொழுந்து பறித்தவர். அரைப் பேர் விழுந்த நாளில் அம்மா எப்படிக் கதவைத் திறப்பார் என்று எனக்குத் தெரியும். தினமும் ஒரு வெறும் குழாயைக் கும்பிடாத குறையாகத் தூக்கித் திரிந்தவள், காட்டில் ஒருவரிடம் வெறும் பையோடு வராதே என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்தப் படிவத்தில் இல்லை என்று எழுத ஓர் இடம்கூட நான் விடவில்லை.

பாக்கியம் அக்கா எப்போது பின்னால் வந்து நின்றார் என்று தெரியவில்லை. கேலி போய்விட்டிருந்தது. "பேர வெட்டிட்டுத்தான் ஒங்ககிட்ட வந்தாரு தங்கச்சி. தோட்டத்துல திரும்ப எடுக்கமாட்டாங்க."

எங்கள் ஒப்பந்தத்தில், பொய்யான மாதிரி தருபவர் உடனே நீக்கப்படுவார் என்று ஒரு வரி இருந்தது. அதைத் தட்டச்சு செய்ததும் நான்தான்.

அடுத்த நாள் காலையில் ஏழு விதிகளின் ஃபைல் பிரதியையும் என் அறிக்கையையும் சேரின் மேசையில் வைத்து, நடந்ததை வரிசையாகச் சொன்னேன். தோட்டத்துரையோடு கூட்டத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. சேர் ஏழாவது விதியை நீண்ட நேரம் படித்தார்.

"இது யாருட கையெழுத்து?"

"என்னுடையது, சேர்."

"கீழ இன்னொண்டு ஈக்குதே."

கீழே இருந்தது அவருடையது. பார்த்து அங்கீகரித்தேன் என்று எழுதி, தேதியும் போட்டிருந்தார்.

"அப்படியா" என்றார். நான் அதுவரை கேட்காத நான்காவது வகை.

"அந்த ஒப்பந்த வரிப்படி பார்த்தா மூணு பேரும் போகணும் மகள். அப்ப ஃபிரீஸரை யாரு பாக்குறது?" என்றார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு எல்லாப் பைகளையும் தானே எடுத்துக் கழிவுப் பெட்டியில் போட்டார். "முதல்ல இருந்து செய்வோம். நானும் வாறேன்."

அவர் டவுன் சப்பாத்தோடு வந்தார். மூன்றாம் இடத்தில் ஒரு சப்பாத்தின் அடி வாயைத் திறந்தது. செல்வராஜ் அண்ணன் காட்டுக் கொடியால் அதைக் கட்டிவிட்டார். "சேர், இதுல நகம் அளவு எடுத்துப் பையில போடவா?" என்றார். சேர் சிரித்ததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. புதுப் படிவத்தில் இரண்டு கட்டம்: எவ்வளவு நேரம் தேடினோம், என்ன இருந்தது. ஐந்தாம் இடத்தில் அரை மணித்தியாலம் தேடிவிட்டு, எழுதச் சொல்லி அண்ணனிடம் பென்சிலைக் கொடுத்தோம். பென்சில் தாளுக்கு மேலே நின்றுகொண்டே இருந்தது. "எழுதுங்க" என்றார் சேர். இல்லை என்று எழுதினார், எழுத்து மற்றதைவிடச் சிறியதாக. பன்னிரண்டாம் இடம் வருவதற்குள் அதுவும் குண்டாகிவிட்டது.

இரண்டு நாளில் பதினாறு இடமும் முடித்தோம். நாலாம் நம்பர்வரை பூனை. அதற்கு மேல் எதுவுமில்லை. சாம்பல் மேட்டில் அவர் சொன்னதற்கு ஓர் இடம்கூட மாறவில்லை.

கூட்டம் தோட்ட ஆபீசில். அறிக்கையில் நடந்த பிழைக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கி, படிவத்தின் குறை என்று என் பேரையும் சேர் பேரையும் போட்டிருந்தேன். 'ஆண் 2' இன் வீட்டுப் பேரை மட்டும் போடவில்லை. தோட்டத்துரை பக்கத்தைப் புரட்டினார்.

"அஞ்சுல இருந்து பதினாறு வரைக்கும் இல்லை, இல்லை, இல்லை. இதுக்கா இத்தனை மாசம்? மொதல்ல பிழையான பை கொண்டாந்த ஆளு யாரு?"

சேர் பேசத் தொடங்குவதற்குள் கதவோரம் நின்ற செல்வராஜ் அண்ணன், "நாந்தாங்க" என்றார்.

"அப்ப இந்த இல்லையை நான் எப்படி நம்புறது?"

இந்த ஆள் வேண்டாம் என்று தோட்டத்துரை சொன்னால் எங்களால் தோட்டத்துக்குள் அவரை வைத்திருக்க முடியாது.

"இருக்குன்னு சொல்ல ஒரு தடவ பாத்தா போதுங்க" என்றார் அண்ணன். "இல்லன்னு சொல்ல அம்புட்டு எடத்தையும் பாக்கணும். பாத்துட்டேங்க. நாளைக்கு வெள்ளன வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன். அட்டைக்குக் கால்ல சவுக்காரம் மட்டும் தடவிக்கிட்டு வாங்க."

சேர் காற்சட்டையின் ஒரு காலை முழங்கால்வரை உயர்த்தி அட்டைக்கடியைக் காட்டினார். தோட்டத்துரை அதைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். "சரி, எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

லயத்தில் கூண்டு வைக்கும் பேச்சு அத்தோடு நின்றது. பூனைகள் குட்டி போடாமலிருக்கச் சத்திரசிகிச்சை செய்வது, நாலாம் நம்பரை மாதாமாதம் பார்ப்பது என்று முடிவானது. பார்ப்பவர் செல்வராஜ் அண்ணன்தான். அதைத் தோட்டத்துரையே சொல்லி எழுதவைத்தார்.

மறுநாள் தோட்டத்துரை, அண்ணன் சொன்ன நேரத்துக்கு வந்து ஏறியுமிருக்கிறார். அந்த நாளின் படிவம் அடுத்த பஸ்ஸில் பதுளைக்கு வந்தது. ஐந்தாம் இடம், அரை மணி, பூனை இல்லை. ஆறாம் இடம், அரை மணி, பூனை இல்லை. ஏழாம் இடம், கால் மணி, பூனை இல்லை, தொரை ஒக்காந்துட்டாரு.

நான் அதைத் திருத்தாமல் ஃபைலில் சேர்த்தேன்.